கம்பெனிக்கு நட்டம், எம்.டி.க்குச் சம்பள உயர்வு: 400 பங்குக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பச்சி வாங்கிப்போட்ட நூற்பாலைப் பங்குகள் இப்போது என் பெயரில் டீமேட்டில் இருக்கின்றன. கம்பெனி தொடர்ந்து நட்டத்தில் ஓடுகிறது, டிவிடெண்டே இல்லை. இப்போது எம்.டி.யின் (நிர்வாக இயக்குநரின்) சம்பளத்தை உயர்த்தச் 'சிறப்புத் தீர்மானம்' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என் 400 பங்கால் ஏதாவது ஆகுமா? - வாசகர், தேவகோட்டை

பதில்: ஓரளவு ஆகும். நட்டத்திலும் எம்.டி.க்குச் சம்பளம் கொடுக்கலாம், ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 5-ஆம் அட்டவணைப்படி, சட்டம் சொல்லும் கணக்கில் மூலதனம் (பங்கு மூலதனம், கையிருப்பு, நீண்டகாலக் கடன் ஆகியவற்றைக் கூட்டி, சேர்ந்த நட்டத்தையும் முதலீடுகளையும் கழித்தது) 5 கோடிக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 60 லட்சம், 5 முதல் 100 கோடிக்குள் என்றால் 84 லட்சம். இதைத் தாண்டத்தான் உங்களிடம் வருகிறார்கள். அந்த அனுமதியும் மூன்று வருடத்துக்கு மேல் செல்லாது. மூன்று வருடக் கணக்கு நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? அந்தக் காலத்தில் செட்டியார்களின் பர்மா வட்டிக்கடைக்கு மூன்று வருடத் தவணையில் போன மேலாளுக்கு (ஏஜெண்டுக்கு) லாபத்தில் பங்கு, கணக்கு முடித்துப் பார்த்த பிறகுதான்.

முதலில் நோட்டீஸோடு வரும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். நட்டத்துக்குக் காரணம், சீர்செய்ய எடுத்த நடவடிக்கை, எதிர்பார்க்கும் லாப உயர்வு ஆகியவற்றை அதில் சொல்லியாக வேண்டும். கடைசியதை அளந்து பார்க்கக்கூடிய வகையில். 'பஞ்சு விலை, சந்தை மந்தம்' என்று நாலு வரியில் முடித்திருந்தால், நிர்வாகத்திடம் திட்டமே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கம்பெனி வங்கிக் கடனைத் தவறவிட்டிருந்தால், கூட்டத்துக்கு முன்பே வங்கியின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கினீர்களா என்று எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஓட்டு. எதிர் ஓட்டைப்போல மும்மடங்காவது ஆதரவு ஓட்டு இருந்தால்தான் சிறப்புத் தீர்மானம் நிறைவேறும். ஓட்டுப் போடாத பங்கு கணக்கிலேயே வராது. எம்.டி. குடும்பத்திடம் 54 சதவீதம் இருந்து, மற்றவர்களில் 18 சதவீதத்துக்கு மேல் எதிர்த்துப் போட்டு, வேறு யாரும் ஆதரிக்காவிட்டால் தீர்மானம் தோற்கும். 2021 ஆகஸ்டில், ராயல் என்ஃபீல்டு பைக் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸில் அப்போதைய எம்.டி. சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் சேர்ந்த தீர்மானம் இப்படித்தான் தோற்றது. இத்தனைக்கும் அது லாபத்தில் ஓடும் கம்பெனி. பிறகு சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்து மறுபடி கொண்டுவந்தார்கள்.

ஆகவே உங்கள் 400 தனியாக ஒன்றும் செய்யாது. ஆனால் காரைக்குடி, பள்ளத்தூர் என்று அதே பங்கை வைத்துக்கொண்டு ஓட்டே போடாமல் இருக்கும் உறவுக்காரர்கள் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். மின்னணு ஓட்டுப் பதிவு கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும்.