நாணயச் சேகரிப்பு கொஞ்ச நாளில் சலித்துவிடுகிறதே, கடைசிவரை அதில் சந்தோஷம் கிடைக்க என்ன வழி?

கேட்டவர் இளவயதுக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாட்டுக்கு ஒன்று என்று நூறு நாட்டுக் காசுகளை ஒரே பாக்கெட்டாக ஆன்லைனில் வாங்கியிருப்பீர்கள். தலைவர்களின் நூற்றாண்டு நினைவு நாணயங்களைப் பெட்டியோடு வாங்கி அடுக்கியிருப்பீர்கள். ஆல்பம் நிறைந்ததும் அதைத் திறக்கவே தோன்றவில்லை. விற்றுவிடலாமா என்ற யோசனையும் கூடவே வந்திருக்கும்.

அந்தக் காசுகளுக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால்தான் சலித்தது. உங்கள் கைக்கோ உங்கள் குடும்பத்துக்கோ ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலை இருக்கும். அந்த வேலையின் கண்ணோடு காசைப் பாருங்கள். என் பதில் அவ்வளவுதான். எனக்கு வாய்த்தது வெள்ளி.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கொலுசுப் பட்டறைக்காரர். பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், வீட்டு முன்கட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம். சேலம் கொலுசு என்று இன்று எல்லா ஊரிலும் பேர் சொல்லி விற்கிறார்கள். அந்தக் கொலுசுக்குள் எத்தனை விக்டோரியா ராணி உருகிக் கிடக்கிறாள் என்பது பட்டறை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பழைய வெள்ளி ரூபாய்கள் 1940-களிலேயே செல்லாக்காசு ஆகிவிட்டன. அதன்பிறகு அவை வீட்டுப் பானையிலும் பெட்டியிலும் கிடந்தன. கல்யாணம், சடங்கு என்று வந்தால் எடுத்துவந்து எடைக்குப் போட்டுக் கொலுசாக மாற்றிக்கொண்டு போவார்கள். ஏற்காட்டு மலையிலிருந்தும் வருவார்கள், காபித் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பங்கள். அவர்கள் கொண்டுவரும் ரூபாயில் பெரும்பாலும் வளையம் பற்றவைத்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டது.

அப்பா முதலில் காந்தம் வைப்பார். ஒட்டினால் அது 1947-ம் வருஷத்து நிக்கல் ரூபாய், பின்பக்கம் புலி இருக்கும், திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒட்டாவிட்டால் விளிம்பைப் பார்ப்பார். ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1940-லிருந்து வெள்ளி பாதிதான், மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். கள்ளக்காசு அடிக்கிறவர்களைத் தடுக்க அந்த ரூபாய்களின் விளிம்பு வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடவிட்டிருப்பார்கள். அதற்கு முந்திய ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக் கடைகளில் ‘ரூபாய் எடை’ என்று நிறுத்துக் கொடுத்ததும் இந்த ரூபாயின் எடைதான். அப்புறம் உரைகல்லில் ஒரு இழுப்பு. கடைசியாகச் சுண்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஏற்காட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேத்தி சடங்குக்குக் கொலுசு வேண்டும் என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாய்களைத் தட்டில் கொட்டினார். எல்லாவற்றிலும் தலைக்கு மேலே வளையம். அப்பா ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“கண்ணு, இதுல எந்தப் பக்கம் மேல பட்டுச்சுன்னு சொல்லு பாக்கலாம்.”

ராணியின் மூக்கும் கிரீடமும் அப்படியே இருந்தன. எழுத்துப் பக்கம் வழவழவென்று தேய்ந்து, வருஷம் விரலால் தடவினால்தான் தட்டுப்பட்டது. ராணி வெளியே பார்த்திருக்கிறாள், எழுத்துப் பக்கம் நெஞ்சில் உரசியிருக்கிறது. நான் சொன்னதும் பாட்டி சிரித்தார். “எங்க மாமியாருதும்மா அது. செத்த அன்னைக்குத்தான் கழட்டுனோம்” என்றார்.

அன்று சாயங்காலமே அவை மூசைக்கு, அதாவது வெள்ளி உருக்கும் குடுவைக்கு, போய்விட்டன. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அது அவர் தொழில், பாட்டிக்குத் தேவைப்பட்டது கொலுசு. ஆனால் ஒரு பெண் வருஷக்கணக்காகப் போட்டிருந்தது அந்தத் தேய்மானத்தில் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பளம் வந்தபிறகு தெரிந்த பட்டறைகளிலெல்லாம் சொல்லிவைத்தேன். வளையம் வைத்தது, ஓட்டை போட்டது, காசு மாற்றுகிறவர்கள் குத்திய சராப்பு முத்திரை விழுந்தது, எது வந்தாலும் உருக்குமுன் என்னிடம் காட்டுங்கள், வெள்ளி எடைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் இப்படி மூசை வாய் வரைக்கும் போய் மீண்டவை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

இதைப் படித்ததும் சிலர் வருவார்கள் என்று தெரியும். “வளையம் வைத்த ரூபாய்க்கு மார்க்கெட் கிடையாது, அது ஜுவல்லரி பீஸ், சேகரிப்பிலேயே சேராது” என்பார்கள். ஒரு கண்காட்சியில் என் தட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், “பொம்பளைங்க காசுமாலைக்குச் சேக்கறாங்க போல” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் அவரிடமே கேட்டேன். “ஐயா, உங்ககிட்ட இருக்கிற புதுக்கருக்கு மாறாத ரூபாய் யார் கையில இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா?” அவர் பதில் சொல்லவில்லை. பளபளக்கும் ரூபாய் சேர்ப்பவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அச்சு வேலையின் நுணுக்கம் அதில்தான் முழுதாகத் தெரியும். ஆனால் வெள்ளி வேலை பார்த்த வீட்டில் பிறந்த எனக்கு, பற்றவைத்த தடத்தில் படிக்க இருப்பது அதிகம்.

என்ன படிக்க இருக்கிறது என்று கேட்பீர்கள். வளையத்தை ஒட்டவைக்க உருக்கி விட்ட உலோகம்தான் பற்று. பித்தளை கலந்த பற்று மஞ்சளாகத் தெரியும், வசதி குறைந்த இடத்து வேலை. வெள்ளிப் பற்று நிறத்தில் தெரியாது, நகத்தால் வருடினால்தான் மேடு தட்டும். ஒரே ரூபாயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பற்றுத் தடம் இருந்தால் வளையம் ஒருமுறை அறுந்து மறுபடி வைத்திருக்கிறார்கள். ஆணி அடித்துப் போட்ட ஓட்டையின் பின்பக்கம் உதடு பிதுங்கியிருக்கும். சராப்பு முத்திரை என்பது காசு மாற்றிக் கொடுத்தவர்கள் வெள்ளி சரிதானா என்று பார்த்துவிட்டுக் குத்திய சின்ன அடையாளம். சிலதில் பூ, சிலதில் வெறும் புள்ளி. ராணியின் கன்னத்திலேயே குத்தியிருப்பார்கள். இதோடு வருஷத்தின் புதிர் வேறு. விக்டோரியா ரூபாயில் 1862 என்ற வருஷத்தையே பத்து வருஷத்துக்கும் மேல் மாற்றாமல் அடித்தார்கள். பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் எந்தக் காலத்தது என்று பிரிக்க வேண்டும். தேய்ந்த பக்கத்தில் அந்தப் புள்ளிகளைத் தேடுவதற்கு ஒரு முழு ராத்திரி போதாது. ராணிக்குப் ‘பேரரசி’ பட்டம் 1877-லிருந்துதான் காசில் வருகிறது. அதை வைத்து ஒரு மாலையில் எந்தக் காசு முதலில் கோக்கப்பட்டிருக்கும் என்றுகூட ஓரளவு யோசிக்கலாம்.

“எனக்கு வெள்ளி தெரியாதே” என்பீர்கள். வேறு ஏதாவது தெரியும். என் வீட்டுக்காரர் சேலம் உருக்காலையில் இருந்தவர். அங்கே 1990-களிலிருந்து நாணய வில்லை வெட்டும் பிரிவு உண்டு. எழுத்தும் சிங்கமும் இல்லாத மொட்டை வில்லையாகத்தான் இங்கிருந்து போகும், முத்திரை நாணயச்சாலையில் விழும். அவர் சேர்ப்பது 1992-லிருந்து வந்த எஃகு ஒரு ரூபாய்கள் மட்டும். அதற்கு முந்திய செம்பு-நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்டாது, இது ஒட்டும். வருஷத்துக்குக் கீழே டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்தக் காசு எங்கள் ஊர் வில்லையில் அடித்தது என்று பார்த்துச் சொல்ல வழி கிடையாது. இருந்தும் பஸ் சில்லறையை மேசையில் கொட்டி, வெட்டு விளிம்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, முத்திரை மையம் தப்பியிருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துக்கொண்டிருப்பார். முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா செலவு இல்லை. தறி ஓட்டும் வீடு, மளிகைக் கடை வீடு, கண்டக்டர் வீடு, எந்த வீட்டுக்கும் காசோடு இப்படி ஒரு வழி இருக்கும்.

பஸ் சில்லறை என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. பத்து ரூபாய் நாணயத்தை நம் ஊரில் வாங்க மறுக்கிறார்களே, எந்த நியாயத்தில்? பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்று ஒரு கதை. ரூபாய் குறியீடு இல்லாதது செல்லாது என்று இன்னொரு கதை. அந்தக் குறியீடே 2010-ல் வந்தது. அதற்கு முந்திய காசில் எப்படி இருக்கும்? 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. இன்னும் கடைக்காரர், “இது வேண்டாம்க்கா, நோட்டு குடுங்க” என்கிறார். பூ விற்கும் அம்மாவிடம் நாம் இந்தக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம், அந்த அம்மாவிடமிருந்து யாரும் வாங்குவதில்லை. நஷ்டம் அவருக்குத்தான். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் 1911-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஞாபகம் வரும். ராஜாவின் மார்பில் இருக்கும் யானை, துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றி மாதிரி தெரிகிறது என்று பேச்சுக் கிளம்பி, ஜனங்கள் தொட மறுத்தார்கள். வெளியே விடாமல் வைத்திருந்ததை உருக்கிவிட்டு, துதிக்கையைத் திருத்தி 1912-ல் புதிதாக அடித்தார்கள். அன்றைய ஜனங்களுக்காவது மத உணர்வு என்ற காரணம் இருந்தது. இன்று வெறும் வாட்ஸ்அப் வதந்திக்கு உழைப்பாளிகளின் காசு முடங்கிக் கிடக்கிறது.

வீடியோக்காரர்கள் மேல் எனக்கு அதைவிடக் கோபம். ‘இந்த ஐந்து ரூபாய் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று போடுகிறார்கள். அதை நம்பிப் போன் செய்தால் பதிவுக் கட்டணம், வரி என்று முதலில் உங்களிடமிருந்துதான் பணம் கறப்பார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணய வியாபாரத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உங்கள் சலிப்புக்கு இந்த விலைக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். விலையை நினைத்துக்கொண்டே பார்க்கிற காசு கையில் தங்காது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் கழுவாதீர்கள். ஒரு ஆயுத பூஜைக்கு என் நாத்தனார் நல்லெண்ணத்தில் பூஜைப் பாத்திரத்தோடு என் செப்புக் காசுகளையும் புளி போட்டு விளக்கி வைத்துவிட்டார். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943-லிருந்து அடித்த ஓட்டைக் காலணாக்கள் அவை. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கிடந்து கறுத்தவை. அந்தக் கறுப்பு போய் ரோஸ் நிறத்தில் நின்றன. இனி எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கறுப்பு அதே மாதிரி வராது. அவரிடம் கோபிக்க முடியவில்லை, ஆனால் அழுதேன். மலிவான பிவிசி ஆல்பமும் வேண்டாம். கொஞ்ச காலத்தில் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். ஏற்காடு மாதிரி ஈரக்காற்று உள்ள இடத்தில் இருந்தால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, அடிக்கடி மாற்றுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சலில் அனுப்ப முடியாது. 1972-ம் வருஷத்துச் சட்டம் அதைத் தடுக்கிறது. என் மகள் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

விற்கலாமா என்றால், அந்த நூறு நாட்டுப் பாக்கெட்டைத் தாராளமாக விற்றுவிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் பாட்டி, அம்மாயி வீட்டுப் பெட்டியில் ஏதாவது காசு கிடக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். யார் போட்டிருந்தது, எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று அவர்கள் சொல்வதை ஒரு சீட்டில் எழுதிக் காசோடு சேர்த்து வையுங்கள். என்னிடம் இருப்பதில் பாதிக்கு அந்தச் சீட்டு கிடையாது, கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள்.

கமெண்டில் படம் போட்டு விலை கேட்க வேண்டாம், எனக்கு விலை தெரியாது. உங்கள் வீட்டில் வளையம் வைத்த ரூபாய் இருந்து, அதை உருக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் முன்னாடி ஒரு வார்த்தை எழுதுங்கள்.