கராஜுக்குப் போனால் ஊமையாகிவிடும் ஜீப்

கேள்வி: ஐயா, என்னிடம் 1987ஆம் ஆண்டுச் சுசுகி எஸ்.ஜே. 413 ஜீப் இருக்கிறது. தினமும் வெள்ளென நிலாவெளியிலிருந்து திருகோணமலை ரவுணுக்கு வருகிறேன். வெளிக்கிட்ட கையோடு அடியில் தகரம் அதிர்வதுபோல் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் கூடும். சாம்பல்தீவு வரமுன்பே நின்றுவிடும். கராஜில் ஓடிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின் ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினார்கள். மறுநாள் காலையும் அதே சத்தம். இனி எதை மாற்றுவது?

— நிலாவெளி வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள். சாம்பல்தீவு வரமுன்பே நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்வோம். ஷொக் அப்சோபர் சத்தம் போடுவதென்றால் குழியில் விழும்போது போடும். காலையில் போட்டுவிட்டுப் போகப்போக அடங்காது. வண்டி சூடேறியதும் அடங்குகிற சத்தமென்றால் நான் முதலில் சைலன்சர் குழாயைத்தான் சந்தேகிப்பேன்.

ஒரு மீற்றர் இரும்புக் குழாய் 300 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீற்றர் நீளும். குளிரில் ஜீப்பின் அடிச்சட்டத்தையோ, குழாயின் சூட்டை மறைக்கும் வெப்பத் தகட்டையோ தொட்டும் தொடாமலும் நிற்கிற குழாய், நீண்டதும் ஒன்றில் விலகிவிடும், இல்லையென்றால் இறுக முட்டிக்கொள்ளும். இரண்டிலும் சத்தம் இல்லை. அக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் தன்னைத் தாங்கும் றபர் மவுண்டில் சற்றுச் சாய்கிறது. அதோடு பூட்டிய குழாயும் அசைகிறது. அதனால்தான் அந்த நேரத்தில் கூடிக் கேட்கிறது. கராஜுக்கு நீங்கள் பதினைந்து கிலோமீற்றர் ஓடிப் போய்ச் சேரும்போது குழாய் கொதித்துக் கிடக்கும். பாவம், கராஜ் பாஸுக்கு எப்படிக் கேட்கும்? பின்னேரமே கொண்டுபோய் இரவு அங்கேயே விட்டுவிடுங்கள். காலையில் அவரே ஸ்ராட் பண்ணட்டும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். காலையில் ஸ்ராட் பண்ணாமல், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு சாக்கை விரித்து அடியில் படுங்கள். உங்கள் ஜீப் உயரம், ஜக் தேவையில்லை. (ஜக்கை மட்டும் நம்பி எந்த வண்டிக்கும் அடியில் போகாதீர்கள். இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது.) எஞ்சின் பக்கத்திலிருந்து வால்வரை குழாயைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். தட்டும்போது அந்த 'கிர்ர்ர்' வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். சைலன்சர் பெட்டிக்குள் கல் உருளுவதுபோல் கேட்டால் உள்ளே தகடு கழன்றிருக்கிறது. பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.

தட்டியும் கேட்கவில்லையா, ரோச் அடித்துப் பாருங்கள். எங்கள் கடற்கரை உப்புக்காற்றில் ஜீப்பின் அடி முழுக்கக் கறள் பிடித்திருக்கும். ஆனால் இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் கறள் தங்காது. காசு அளவில் ஒரு பொட்டு மட்டும் பளபளவென்று மின்னும். அந்தப் பொட்டைத்தான் தேடுகிறீர்கள். குழாய் சட்டத்தின் குறுக்குத் துண்டைக் கடக்கும் இடம், குழாயைத் தூக்கிப் பிடிக்கும் றபர்கள், வெப்பத் தகடு இருந்தால் அதன் போல்ட் ஓட்டைகள் என்று பாருங்கள். உப்பு எங்களுக்குச் செய்கிற ஒரே உபகாரம் இதுதான்.

நானும் இதில் சறுக்கியவன். குச்சவெளியிலிருந்து வந்த ஒருவரின் ஜீப்புக்கு இலை ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் புஷ் எட்டையும் மாற்றிக் காசும் வாங்கிவிட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார், சத்தமும் கூடவே வந்தது. கடைசியில் பார்த்தால், சைலன்சரைத் தொங்கப் போட்ட றபர் ஒன்று காய்ந்து கல்லாகி, பாதி கிழிந்து கிடந்தது. சத்தம் சட்டம் வழியே ஓடிப் பின் சீற்றுக்குக் கீழே கேட்டிருக்கிறது. கேட்ட இடத்தில் தேடினால் இப்படித்தான்.

குழாயில் பழுதில்லை என்றால் அடுத்தது, எஞ்சினின் சுழற்சியைச் சில்லுகள் பக்கம் கொண்டுபோகிற புரொப்பலர் ஷாவ்ட். எஸ்.ஜே.யில், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனியே இருப்பதால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, நடுவில் குட்டையாக ஒன்று என மூன்று ஷாவ்ட். சில்லுகளின் கட்டை அப்படியே இருக்க, நியூற்றலில் போட்டு, ஷாவ்ட் முனையில் மடங்கிக் கொடுக்கும் குறோஸ் ஜொயின்ற்றின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஜொயின்ற்றில் ஆட்டம் தெரிந்தாலோ, அதன் கப் விளிம்பில் செங்கல் தூள்போலச் சிவப்பாகப் படிந்திருந்தாலோ உள்ளே கிறீஸ் வற்றி ஊசி பெயாரிங் தேய்ந்துவிட்டது. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது ஷாவ்ட் கழன்றால் தாங்காது.

றபர்தான் என்றால் புதிது போட்டு, குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். வெப்பத் தகடு என்றால் குழாயைச் சுற்றி ஒரு ஸ்ரெயின்லஸ் கிளிப் போட்டு இறுக்கினால் போதும். சைக்கிள் ரியூப் துண்டைச் சொருகுகிற வேலை வேண்டாம். கன்னியா போய்ச் சேரமுன் உருகி மணக்கும்.

கழற்றிய ஷொக் இரண்டையும் கராஜிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். எண்ணெய் கசியாமல், அமுக்கி இழுக்கும்போது இடையில் எங்கும் தளராமல் இறுக்கமாக இருந்தால் அவை இன்னும் ஓடும். குச்சவெளிக்காரரின் பழைய புஷ் எட்டையும் நான் கடைசியில் திருப்பிக் கொடுத்தேன். காசைத்தான் கொடுக்கவில்லை.