சிறைக்குள் ஓர் உளவியலாளர்: எங்கிருந்து தொடங்குவது?

எம்.எஸ்சி. உளவியல் முடித்த சேலம் வாசகி ஒருவர் கேட்கிறார்: “சிறைக் கைதிகளோடு வேலை செய்யவும், பின்னாளில் சிறைக் காவலர்களுக்குப் பயிற்சி தரவும் ஆசை. தடய உளவியல் (குற்றம், சட்டம் சார்ந்த உளவியல்) படித்தால் போதுமா?”

போதாது. காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடய உளவியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது. நல்ல படிப்புதான். ஆனால் அது மட்டும் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அங்கே பதிவும் வேண்டும். சிறையில் உங்கள் பேச்சுக்கு எடை தருவது அந்தப் பதிவுதான். சிறைக்கென்று உளவியலாளர் பணியிடங்கள் மிகக் குறைவு என்பதால், பதிவு இருந்தால் மருத்துவமனை வேலையும் கைவசம் இருக்கும்.

சரி, உள்ளே என்ன வேலை? குற்றவாளியின் மனத்தைத் துப்பறிவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால் வழக்கைப் பற்றி நீங்களாகத் துருவிக் கேட்கவே கூடாது. உள்ளே வந்த முதல் சில இரவுகள், ஜாமீன் தள்ளுபடியான நாள், மனு போட்டுப் பார்க்க யாரும் வராத மாதங்கள், போதை நிறுத்தியதால் வரும் நடுக்கம் இவைதான் உங்கள் கவனத்துக்குரியவை. பெரும்பாலும் தற்கொலையைத் தடுக்கும் வேலை.

இதில் கடினமான இடம் ரகசியம். “அவன் என்ன சொன்னான்?” என்று ஜெயிலர் கேட்பார். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அதிகாரியிடம் சொல்வேன் என்று கைதியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதே வரம்பை அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். பிறகு சொன்னால் இரு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

பயிற்சி தரும் ஆசைக்கு அவசரம் வேண்டாம். வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தில் தென் மாநிலச் சிறை அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். அப்படியொரு வகுப்பில் நிற்க, நாலைந்து வருடமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரவுப் பணி வார்டருக்கு, அதாவது சிறைக் காவலருக்கு, கோட்பாடு உதவாது. “நீதிமன்றம் போய் வந்தவர் சாப்பாட்டை ஒதுக்கினால், போர்வையை யாருக்காவது கொடுத்தால், அன்று அடிக்கடி போய்ப் பாருங்கள்” என்பது உதவும். அப்புறம், வார்டர்களின் தூக்கமின்மை, குடும்பச் சிக்கல், குடி பற்றியும் பேசுங்கள். தமிழகக் காவல் துறை 2018இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து காவலர்களுக்கான நிறைவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியதும் இந்தத் தேவையால்தான்.

கல்விக் கட்டணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரிலேயே, வழக்கில் சிக்கிய சிறாரைத் தங்கவைக்கும் அரசு கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்து, தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். கொடுங்குற்ற வழக்கில் சிக்கிய 16 வயது தாண்டிய சிறார்களின் மனநிலையை மதிப்பிட, இளைஞர் நீதிக் குழுமம் அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியை நாடலாம் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அனுமதி கிடைத்தால் மூன்று மாதம் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.