கழிவு முடியட்டும், நகை பெட்டியில் இருக்கட்டும்

கிளிநொச்சியிலிருந்து, நெல் வயலும் செய்யும் ஓர் ஆசிரியை எழுதுகிறார்: "கனடா மச்சாள் குடும்பம் டிசெம்பரில் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து 4 இரவுக் கப்பல் பயணத்துக்கு எங்கள் நாலு பேரையும் வரச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறா. ஆளுக்கு 400 அமெரிக்க டொலராம், விலைக்கழிவு இந்த வாரத்தோடு முடியுதாம். 12 வீத வட்டிக்கு நகையை அடைவு வைக்கலாமா? போனமுறை அவர்கள் வந்தபோது வைத்தது மூன்று வருடமாகியும் மீளவில்லை, வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம்."

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை. வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் உங்கள் வீட்டு நகை வங்கிக்குப் போகிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் எந்தக் கப்பலில் கழிவு கிடைத்தும் பயனில்லை.

400 டொலர் என்பது தொடக்க விலைதான். நாலு பேருக்கு 1,600. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 100 என்று வையுங்கள், 400. டிப்ஸை ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கில் ஏற்றுவார்கள். 15 டொலர்ப்படி 240. கட்டுநாயக்காவிலிருந்து விமானம் போய்வர ஆளுக்கு 300 என்றாலும் 1,200. மொத்தம் 3,440. டொலர் 300 ரூபாய் என்றால் பத்து இலட்சத்துக்கு மேல். அதற்கு 12 வீதம், மூன்று வருடம் இழுபட்டால் வட்டி மட்டும் மூன்றரை இலட்சம் தாண்டும். நாலு பேரின் விமானக் காசு அது!

"வட்டியில்லாத் தவணை" என்று கிரெடிட் கார்ட்டை நீட்டுபவர்களிடமும் கவனமாக இருங்கள். வட்டி இல்லாத இடத்தில் கட்டணம் இருக்கும்.

டிசெம்பரில் உங்கள் காசு காலபோக வயலுக்குள் கிடக்கும். கப்பல் விலையும் அப்போதுதான் உச்சம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் நீண்ட விடுமுறை, நத்தார் வேறு. அடுத்த ஓகஸ்டில் எங்கள் பாடசாலைகளுக்கு விடுமுறை, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை இல்லை. மாசி, பங்குனி அறுவடைக் காசும் கையில் வந்திருக்கும். யன்னல் இல்லாத உள்ளறை போதும், பொதுச் சாப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே அறையில் மூன்றாம், நாலாம் ஆளுக்கு விலை குறைவதுண்டு, கேளுங்கள். குடிவகைப் பொதியைத் தொடாதீர்கள். அறையில் ஒருவர் எடுத்தால் மற்றப் பெரியவரும் எடுக்கவேண்டும் என்று பல கம்பனிகள் சொல்லும்.

முற்பணம் கட்டமுன் கப்பல் தொடும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசாவைப் பாருங்கள். சிங்கப்பூருக்கு எங்களுக்கு முன்விசா தேவையில்லை, மற்ற நாடுகள் அப்படியல்ல. மச்சாளின் கனடாப் பாஸ்போர்ட்டுக்கு இந்தத் தலையிடி அவ்வளவாகத் தெரியாது. விசா கிடைக்கவில்லை என்பதற்காகக் கம்பனி காசைத் திருப்பித் தராது. முழுப்பணம் கட்டும் தவணை கடந்தபின் விலகினால் பெரும்பகுதி போய்விடும்.

மச்சாளிடம் இன்றைக்கே பேசுங்கள். "டிசெம்பரில் வீட்டுக்கு வாங்கோ, கப்பலுக்கு இந்தமுறை எங்களால் ஏலாது" என்றால் போதும், காரணம் அடுக்க வேண்டாம். "நான் போடுறன், பிறகு தாங்கோ" என்றாவெனில் அதுவும் கடன்தான், மறுத்துவிடுங்கள். காலபோக நெல் விற்றதும் முதலில் பழைய அடைவை மீளுங்கள். மீதியை ஓகஸ்டுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்; அதில் சேரும் காசுக்கு எட்டுகிற கப்பலை மட்டும் பாருங்கள்.