பிளஸ் ஒன் முடித்துவிட்டு கனடா வந்த மகள்: டிப்ளமோ ஒரு கணக்கு, இன்ஜினியரிங் வேறு கணக்கு

கேள்வி: மதுரையில் பிளஸ் ஒன் முடித்த மகளோடு ஆகஸ்டில் குடும்பமாக ஒன்டாரியோ மாகாணத்து பிராம்ப்டன் வந்தோம். நிரந்தரக் குடியுரிமை இருக்கிறது. பிளஸ் ஒன்னில் அவள் எடுத்தது 600-க்கு 541. இங்கே 12-ஆம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, "23 கிரெடிட் கொடுத்திருக்கிறோம், இன்னும் 7 எடுத்தால் போதும்" என்றார்கள். நவம்பர் ரிப்போர்ட் கார்டில் கணக்கு 61, இயற்பியல் 68. ஆங்கிலத்துக்கு ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கான) வகுப்பில் போட்டிருக்கிறார்கள். பாஸ் மார்க் 50தானாம். வரும் ஜூனில் டிப்ளமோ வந்துவிடுமா? இன்ஜினியரிங் சேர முடியுமா? மகன் இப்போது 9-ஆம் வகுப்பு. அவனுக்கு இப்போதே கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: டிப்ளமோ ஜூனில் வர வாய்ப்பிருக்கிறது. இன்ஜினியரிங் பற்றி அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில்தான் நம் ஊர்ப் பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க் ஷீட் ஒன்றே பாஸ் சான்றும் கல்லூரிக்கான நுழைவுச்சீட்டும். ஒன்டாரியோவில் இவை தனித்தனி.

முதலில் டிப்ளமோ. ஒன்டாரியோ மேல்நிலைப் பள்ளி டிப்ளமோவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 110 மணி நேரப் பாடம். அதில் குறைந்தது 50 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்குப் பழைய படிப்பைக் கணக்கில் எடுத்து, அதற்கு ஈடாக இத்தனை கிரெடிட் என்று பள்ளி முதல்வர் முடிவு செய்வார். 11-ஆம் வகுப்பு முடித்து வந்தவர் குறைந்தது 7 கிரெடிட்டாவது இங்கே எடுத்தாக வேண்டும் என்பது மாகாண விதி. 10 மட்டும் முடித்திருந்தால் 14. உங்கள் மகளுக்குச் சொன்ன கணக்கு இதுதான், சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 541 எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மனதில் இருக்கும். இங்குள்ள டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மேல்நிலைப் பள்ளிப் பாடங்களின் அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவில், அந்த 23-ம் மொத்தமாக "ஈடான கிரெடிட்" என்று ஒரே வரியில் வரும். மதிப்பெண் வராது. அதற்காக மதுரை மார்க் ஷீட்டைப் பரணில் போட்டுவிட வேண்டாம். பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலைத் தனியாகக் கேட்கும். 10-ஆம் வகுப்பு, பிளஸ் ஒன் இரண்டின் அசலும் கையில் இருக்கட்டும்.

செமஸ்டர் முறைப் பள்ளியில் அரையாண்டுக்கு 4 பாடம், ஆண்டுக்கு 8. தேவை 7. எண்ணிக்கை இடிக்காது, ஆனால் ஒரு பாடத்துக்கு மேல் தவறவிட இடமில்லை. அந்த ஏழிலும் எல்லாம் விருப்பப் பாடமாக இருக்க முடியாது. 12-ஆம் வகுப்பு ஆங்கிலம் கட்டாயம். ஈஎஸ்எல் கிரெடிட் மூன்று வரை ஆங்கிலக் கணக்கில் சேரும், நான்காவது 12-ஆம் வகுப்பு ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும். வேறு எந்தக் கட்டாயப் பாடங்கள் பாக்கி என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கைடன்ஸ் கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கிரெடிட் தவிர இன்னும் மூன்று உண்டு. சமூகப் பணி 40 மணி நேரம். தாமதமாக வந்தவருக்கு இதில் எத்தனை மணி பாக்கி என்பதை முதல்வர் தீர்மானிப்பார், குறைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நூலகம், உணவு வங்கி, கோவில் என்று எங்கே செய்வதானாலும் அது ஏற்கத்தக்க பணியா என்று பள்ளியில் கேட்டுக்கொண்டு, பொறுப்பாளரின் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுவது நல்லது. மே மாதம் கையெழுத்துக்காக ஓடும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அடுத்தது மாகாண எழுத்தறிவுத் தேர்வு. வழக்கமாக 10-ஆம் வகுப்பில் எழுதுவது; பின்னால் வந்து சேர்ந்தவரும் எழுத வேண்டும். தேர்ச்சியா இல்லையா என்பதோடு சரி, சராசரியில் சேராது. தவறினால் அதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் அது எட்டு இடத்தில் ஒன்றைத் தின்றுவிடும். அதனால் அடுத்த தேர்வு எப்போது, பெயர் சேர்த்தாயிற்றா என்று இந்த வாரமே கேளுங்கள். மூன்றாவது, இணையவழிப் பாடம் இரண்டு. வேண்டாம் என்றால் பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு விலகலாம்.

இனி அந்த 61. நம் ஊரில் பாஸுக்கு 35 என்பதால், 50 தாண்டினால் பயமில்லை என்று தோன்றும். இங்கே மதிப்பெண்ணுக்கு நான்கு நிலைகள்: 50 முதல் 59 வரை முதல் நிலை, 60-களில் இரண்டு, 70-களில் மூன்று, 80-க்கு மேல் நான்கு. மாகாணம் எதிர்பார்க்கும் தரம் மூன்றாம் நிலை. அதாவது 70. 61 என்றால் பாஸ்தான், ஆனால் அடுத்த கணக்குப் பாடத்துக்குப் போதிய அடித்தளம் இன்னும் அமையவில்லை என்று பொருள்.

ரிப்போர்ட் கார்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். மகளின் சதவீதத்துக்குப் பக்கத்தில் 'கோர்ஸ் மீடியன்' என்று இன்னோர் எண் இருக்கும். அந்தப் பாடம் எடுத்தவர்களின் நடு மதிப்பெண் அது. அது 64 என்றால் வகுப்பே திணறுகிறது. 78 என்றால் இவள் மட்டும் பின்தங்கியிருக்கிறாள். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல. அதே வரிசையில் 'ஈ' (மிகச் சிறப்பு), 'ஜி' (நன்று), 'எஸ்' (திருப்தி), 'என்' (முன்னேற்றம் தேவை) என்ற எழுத்துகளும் இருக்கும். பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, சுயமுயற்சி போன்ற ஆறு பழக்கங்களுக்கான தரம் அது. சதவீதத்தில் அவை சேராது. ஆனால் கணக்கு 61, எழுத்துகள் எல்லாம் ஈ என்றிருந்தால், பெண் உழைக்கிறாள், பாடம்தான் பிடிபடவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். 'என்' என்ற எழுத்து வந்திருந்தால் வீட்டில் பேச வேண்டிய விஷயமே வேறு.

மதிப்பெண் போடும் முறையையும் புரிந்துகொள்ளுங்கள். 70 சதவீதம் வகுப்பு நடக்கும் மாதங்களிலேயே சேர்ந்துவிடும்: குவிஸ், ஆய்வகக் குறிப்பு, அசைன்மென்ட், பிரசன்டேஷன், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். கடைசியில் நடக்கும் தேர்வும் இறுதிப் பணியும் சேர்ந்து 30. மாகாணம் முழுவதும் மார்ச்சில் எழுதும் பப்ளிக் எக்ஸாம் என்று ஒன்று கிடையாது. "கடைசியில் உட்கார்ந்து படித்து எடுத்துவிடுகிறேன்" என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். கடைசியில் மிச்சம் இருப்பது 30தான்.

இதில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல். ஒவ்வொரு பாடத்திலும் அறிவு, சிந்தனை, வெளிப்பாடு, பயன்பாடு என்று நான்கு பிரிவாக மதிப்பிடுகிறார்கள். சூத்திரம் எழுதி, பிரதியிட்டு, விடை கண்டுபிடிப்பது அறிவுப் பிரிவு. அதில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் 90 எடுப்பார்கள். ஆனால் "இந்தச் சோதனையில் பிழை எங்கிருந்து வந்திருக்கும், எப்படிக் குறைப்பாய்?" என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இயற்பியலில் 68 வந்ததற்குக் காரணம் இயற்பியல் தெரியாததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருத்திக் கொடுத்த தாள்களை விரித்து எந்தப் பிரிவில் மதிப்பெண் போகிறது என்று பாருங்கள். டியூஷன் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மார்க் குறைவதே சிந்தனைப் பிரிவில் என்றால், அதே கணக்கை இன்னும் ஐம்பது முறை போட வைக்கும் டியூஷன் காசுக்குக் கேடு.

ஆறுதலான செய்தியும் உண்டு. இங்கே ஆசிரியர் எல்லா மதிப்பெண்ணையும் கூட்டி வகுத்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. மாணவர் தொடர்ந்து காட்டும் தரத்தைப் பார்த்து, அண்மைக்கால வேலைக்குக் கூடுதல் கவனம் கொடுத்து முடிவு செய்யச் சொல்கிறது மாகாணக் கொள்கை. புது நாடு, புது முறை, முதல் இரண்டு மாதம் தடுமாற்றம் என்றால், நவம்பர் 61 ஜனவரியில் 75 ஆவது நடக்கிற காரியம்தான். ஆசிரியரைச் சந்தித்து, "அவள் மேலே வர எந்தப் பகுதியில் உழைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். மார்க் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்பதும் இதுவும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பாடத்தை விட்டுவிட்டு அடுத்த செமஸ்டரில் எடுக்கலாமா என்று யோசித்தால், தேதியைக் கவனியுங்கள். 11, 12-ஆம் வகுப்புப் பாடங்களில், இடைக்கால ரிப்போர்ட் கார்டு வந்து 5 பள்ளி நாட்களுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் அப்போதைய மதிப்பெண்ணோடு பதிவாகிவிடும். திரும்ப எடுத்தால் இரண்டு மதிப்பெண்ணும் தெரியும், கிரெடிட் என்னவோ ஒன்றுதான்.

இன்ஜினியரிங்குக்கு வருவோம். ஒன்டாரியோ பல்கலைக்கழகங்கள் பார்ப்பது 12-ஆம் வகுப்பில் ஆறு பாடங்களை. பாடக் குறியீட்டில் 4-க்குப் பின் யூ (பல்கலைக்கழக வகை) அல்லது எம் (பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்கும் பொதுவானது) என்ற எழுத்து இருக்க வேண்டும். இன்ஜினியரிங்குக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ஐந்து: ஆங்கிலம், அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்டு வெக்டர்ஸ், இயற்பியல், வேதியியல். ஆறாவது உங்கள் விருப்பம். மகள் இப்போது படிக்கும் கணக்கு அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ் என்றால், அடுத்த செமஸ்டரில் கால்குலஸ், வேதியியல், யூ வகை ஆங்கிலம் மூன்றும் வந்தாக வேண்டும்.

முட்டுக்கட்டை ஆங்கிலம்தான். ஈஎஸ்எல்லில் ஏ முதல் ஈ வரை ஐந்து நிலை. ஈ நிலையில் இருந்தால், முதல்வர் சம்மதித்தால், பிப்ரவரியில் 12-ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் போக வாய்ப்புண்டு. சி அல்லது டி என்றால் ஜூனுக்குள் யூ வகை ஆங்கிலம் முடிப்பது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோவுக்கு கல்லூரி வகை (பல்கலைக்கழகம் அல்லாத கல்லூரிப் படிப்புகளுக்கான) ஆங்கிலமே போதும், இன்ஜினியரிங்குக்குப் போதாது. மதுரையில் ஆங்கில வழியில் படித்தவள் என்றால், நிலையை மறுமதிப்பீடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆகஸ்டில், வந்து இறங்கிய களைப்பில், புது உச்சரிப்புக்கு நடுவே எழுதிய மதிப்பீடு அது. இதுபோக, கனடாவில் படித்த ஆண்டுகள் குறைவு என்றால் ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தகுதித் தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கும். விண்ணப்பத்துக்கான முக்கியக் கெடு ஜனவரி நடுவில் என்பதால், விதிவிலக்கு உண்டா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் இப்போதே பாருங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஆங்கிலம் தயாராக இல்லையென்றால் ஜூன் என்று அடம்பிடிக்க வேண்டாம். இன்னொரு செமஸ்டரோ ஓர் ஆண்டோ கூடுதலாகப் படிக்கலாம். 21 வயது வரை பகல் பள்ளியில் இடமுண்டு, கட்டணம் கிடையாது. மொத்தம் 34 கிரெடிட் வரை அரசு முழு நிதி தருகிறது. "ஒரு வருஷம் வீணாகிவிடும்" என்ற பேச்சு சொந்தக்காரர்கள் மத்தியில் வரும், வரட்டும். 61-ஐ வைத்துக்கொண்டு கால்குலஸில் இறங்கி, போட்டி மிகுந்த படிப்புக்கு விண்ணப்பித்து, நிராகரிப்புக் கடிதம் வாங்குவதைவிட இது மேல்.

அப்புறம், இரண்டு மாதத்தில் 95 வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் கிரெடிட் பள்ளிகள் கண்ணில் படும். மாகாணம் கிரெடிட் வழங்க அனுமதித்த தனியார் பள்ளிகளில் நல்லவை உண்டு. ஆனால் பகல் பள்ளியில் 61, வெளியே 95 என்று டிரான்ஸ்கிரிப்ட் காட்டினால், சில இன்ஜினியரிங் துறைகள் காரணம் எழுதச் சொல்லும். அங்கே எழுத நியாயமான காரணம் இருந்தால் மட்டும் போங்கள்.

மகன் விஷயம் சுலபம். 2024 செப்டம்பர் அல்லது அதற்குப் பிறகு 9-ஆம் வகுப்பில் சேர்ந்தவருக்குக் கட்டாயப் பாடம் 17, விருப்பம் 13. அக்காவின் வயதுக்காரர்களுக்கு 18, 12. புதிய கணக்கில் தொழில்நுட்பப் பாடம் ஒன்று கட்டாயமாகியிருக்கிறது. 9-இலோ 10-இலோ முடிக்க வேண்டும். 9, 10-ஆம் வகுப்பில் ஒரு பாடம் தவறினாலும் அது டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது, அதனால் இந்த இரண்டு ஆண்டில் புதுப் பாடங்களைத் துணிந்து முயன்று பார்க்கட்டும். கட்டாயப் பாடங்களில் ஒன்றான பிரெஞ்சு அவனுக்கு மலைப்பாக இருந்தால் கவுன்சிலரிடம் பேசுங்கள்: மூன்று கட்டாயப் பாடங்கள் வரை மாற்றிக் கொடுக்க முதல்வருக்கு இடமுண்டு, ஆனால் அது அவர் முடிவு, உரிமையாகக் கேட்க முடியாது.

தமிழையும் கிரெடிட்டாக எடுக்கலாம். டொராண்டோ சுற்றுவட்டாரக் கல்வி வாரியங்கள் சில, சனிக்கிழமைகளில் மேல்நிலைப் பள்ளி கிரெடிட்டுக்கான தமிழ் வகுப்பு நடத்துகின்றன. 12-ஆம் வகுப்பு நிலையில் அது யூ வகைப் பாடம். மகளின் ஆறாவது பாடத்துக்கும் இதை யோசிக்கலாம், ஆனால் தாய்மொழிப் பாடத்தைச் சராசரியில் சேர்க்காத துறைகளும் உண்டு. விண்ணப்பிக்கும் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு பெயரைக் கொடுங்கள்.