புத்தர் கேட்ட காதல் பாட்டு

கேள்வி: ஆடல், பாடல், வாத்தியம் எல்லாம் துறவிகளுக்கு ஆகாது என்றவர் புத்தர். அப்புறம் பௌத்தக் குகைச் சுவர்களில் யாழும் குழலுமாகக் கந்தர்வர்கள் எப்படி வந்தார்கள்? பின்னால் வந்த பணக்காரப் புரவலர்கள் செய்த சீரழிவுதானே?

பதில்: இல்லை. விதியைச் சரியாகச் சொன்னீர்கள், முடிவுக்குத்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள். அது துறவி தன் மனதைக் காத்துக்கொள்ள வைத்த விதி. புத்தர் முன்னால் கந்தர்வன் வாசிக்கக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது?

புத்தரின் நீண்ட உரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தில் சக்கபஞ்ஹ சுத்தம் என்ற சூத்திரத்தைப் படியுங்கள். ராஜகிருகத்துக்குக் கிழக்கே ஒரு மலைக்குகையில் புத்தர் தியானத்தில் இருக்கிறார். பார்க்க வந்த இந்திரன் நேரே உள்ளே போகத் தயங்கி, பஞ்சசிகன் என்ற கந்தர்வனை முன்னால் அனுப்புகிறான். அவன் வில்வ மரத்தில் செய்த வீணையை மீட்டிப் பாடுவது என்ன தெரியுமா, காதல் பாட்டு! வியர்த்தவனுக்குக் காற்று போல, தாகத்துக்குத் தண்ணீர் போல, பசித்தவனுக்குச் சோறு போல நீ எனக்கு என்று தன் காதலியை நினைத்து உருகுகிறான், அதற்கு நடுவிலேயே ஞானம் அடைந்த அருகதர்களையும் புத்தரின் போதனையான தம்மத்தையும் உவமைக்கு இழுத்துக்கொள்கிறான். புத்தர் முகம் சுளிக்கவில்லை. உன் நரம்பும் குரலும் ஒன்றையொன்று அமுக்காமல் சேர்ந்து போகின்றன என்று பாராட்டிவிட்டு, இதை எப்போது கட்டினாய் என்றும் கேட்கிறார். பாட்டை ஊன்றிக் கேட்டவர் கேட்கிற கேள்வி அது.

சீனாவின் சின்ஜியாங்கில், பழைய கூச்சா நாட்டுக் கிசில் குகைகள் பலவற்றில் நடுச்சுவரில் இருப்பது இதே காட்சிதான். நடுவில் புத்தர் சிலைக்கான மாடம், பக்கத்தில் நரம்புக் கருவியோடு பஞ்சசிகன். அந்தக் கருவி இன்றைய தஞ்சாவூர் வீணை அல்ல. வில் போல வளைந்த தண்டு, அதிலிருந்து இறங்கும் நரம்புகள். நம் சங்கப் பாடல்களின் யாழுக்கு நெருங்கிய சொந்தம்.

அங்கேயே 38-ஆம் குகையைப் பாருங்கள். பக்கச் சுவர்களின் மேலே, உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்ப்பது போல இடுப்பளவு உருவங்கள், இரண்டிரண்டு பேராக, குழலும் ஐந்து நரம்புள்ள வாத்தியமும் யாழுமாக. கூச்சாவே இசைக்குப் பேர்போன ஊர். குழலிலும் நரம்பிலும் மற்ற நாடுகளை மிஞ்சியது என்று 7-ஆம் நூற்றாண்டில் அந்த வழியாகப் போன சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) எழுதியிருக்கிறார். தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்ததைக் கொண்டுவந்து அந்த மக்கள் புத்தருக்குப் படைத்தார்கள், அவ்வளவுதான்.

சீரழிவு என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டுமானால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். ஜெர்மானிய ஆய்வுக் குழுக்கள் அந்தச் சுவர்களிலிருந்து ஓவியங்களைத் துண்டு துண்டாக அறுத்து பெர்லினுக்குக் கொண்டுபோயின. அவற்றில் ஒரு பகுதி இரண்டாம் உலகப்போரில் அழிந்தே போயிற்று.