செவுளில் பஞ்சு, ஒன்பது நாளாகப் பட்டினி

கேள்வி: சார், ஒன்றரை வருடமாக ஒரு ஆக்சலாட்டல் (தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற, பல்லி மாதிரி உருவமுள்ள, தவளைக்கு உறவான பிராணி) வளர்க்கிறேன். வெளிர் ரோஸ் உடம்பு, கறுப்புக் கண். ஒன்பது நாளாக மண்புழுவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தலைக்கு இருபுறமும் இறகு மாதிரி வெளியே நீண்டிருக்கும் செவுள்கள் முன்பக்கமாக வளைந்து, முடி கொட்டியதுபோல் மெலிந்துவிட்டன. இடது பக்கச் செவுளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து மிதக்கிறது. தொட்டியில் நான் எதையும் மாற்றவில்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஃபில்டரைக் கழற்றி ஸ்பாஞ்சை எல்லாம் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவிப் போட்டேன். வெப்பநிலை 25 டிகிரி. மீன் பூஞ்சைக்கு விற்கிற பச்சை மருந்தை ஊற்றலாமா? வெட்டுப்பட்ட காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளும் பிராணியாயிற்றே, இதைத் தானே சரிசெய்துகொள்ளாதா?

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, "எதையும் மாற்றவில்லை" என்ற அதே வரியில்.

ஃபில்டர் ஸ்பாஞ்சில் பழுப்பாக ஒட்டியிருப்பது முழுக்க அழுக்கு இல்லை. பிராணியின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்தக் குடித்தனமே காலி. அப்புறம் அம்மோனியா ஏறிக்கொண்டே போகும், அதற்கு நிறம் கிடையாது, அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. நானும் வளர்க்க ஆரம்பித்த புதிதில் இதே வேலையைச் செய்து, என்னுடையதின் செவுள் இறகு பாதி கரைந்துபோன பிறகுதான் புத்தி வந்தது. இனிமேல் ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுங்கள், போதும்.

இதோடு 25 டிகிரி வேறு. மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சொச்சிமில்கோ கால்வாய்கள்தான் இதன் ஊர். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிற குளிர்ந்த தண்ணீர். 16 முதல் 18 டிகிரி இதற்குச் சுகம், 20 வரை சமாளிக்கும், 24 தாண்டினால் உடம்பு தளர ஆரம்பிக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அம்மோனியாவின் விஷமும் அதிகம்.

பூஞ்சை எந்தத் தண்ணீரிலும் இருப்பதுதான், பிராணி சோர்ந்த நேரம் பார்த்து ஏறிக்கொள்ளும். அதனால் பச்சை மருந்தை மூடி வையுங்கள். அதில் பெரும்பாலும் மாலகைட் கிரீன் என்கிற சாயம் இருக்கும். ஆக்சலாட்டலுக்குச் செதில் கிடையாது, தோல் வழியாகவே எல்லாம் உள்ளே போகும், மீன் தாங்குகிற மருந்தை இது தாங்காது. தாமிரம் கலந்த மருந்துகளும் அப்படித்தான்.

இன்றைக்கே ஆக்சலாட்டலைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். மூடியில் ஓட்டை போட்ட, சோப்புப் படாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, குளோரின் நீக்கிய தண்ணீர், உடம்பு முழுக்க மூழ்கியிருக்கவும், மூக்கை நீட்டி மேலே காற்றைக் குடிக்கவும் முடிகிற ஆழம். மிதக்கிற பிராணிக்கு ஆழம் குறைவாக இருப்பதே நல்லது, கால் தரையில் படும். முதல் நாள் தண்ணீரின் வெப்பநிலை தொட்டியோடு ஒத்திருக்கட்டும், அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 18க்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாகக் குளிரவைத்தால் அது தனி அதிர்ச்சி. வலையால் பிடிக்காதீர்கள், விரலும் செவுளும் சிக்கிக் கிழியும், தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தால் அள்ளுங்கள். இரண்டு டப்பா இருந்தால் வேலை சுலபம். ஒன்றில் அது இருக்கும்போதே மற்றதில் நாளைக்கான தண்ணீரைத் தயார் செய்து பக்கத்திலேயே வைத்துவிட்டால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும், தினமும் மொத்தத் தண்ணீரையும் மாற்றியதாகவும் ஆகும். மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள், இமை இல்லாத பிராணி, வெளிச்சம் பிடிக்காது.

பஞ்சுக்கு உப்புக் குளியல். இன்னொரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 டீஸ்பூன் உப்பு, அயோடின் சேர்க்காத உப்பு, முழுதாகக் கரைய வேண்டும். அதில் 10 நிமிடம், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள், துள்ளினால் உடனே எடுத்துவிடுங்கள். நான்கைந்து நாளில் பஞ்சு உதிரும், அதற்கு மேல் நீட்டினால் உப்பே செவுளை அரிக்கும். பஞ்சை இடுக்கியால் பிடுங்கிவிடலாமே என்று கை துறுதுறுக்கும், வேண்டாம், செவுளும் சேர்ந்து வந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். நல்ல சதைப்பிடிப்போடு இருந்த பெரிய ஆக்சலாட்டல் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். மேலேயிருந்து பாருங்கள், வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் சரி. தண்ணீர் குளிர்ந்த பிறகு மண்புழுவில் சின்னத் துண்டு ஒன்றை மூக்குப் பக்கம் ஆட்டிக் காட்டுங்கள், வாயைத் திறந்து திணிக்காதீர்கள்.

தொட்டியில் கூழாங்கல் போட்டிருக்கிறீர்களா? எழுதவில்லை. இது இரையைக் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது, தலையைவிடச் சின்னக் கல் என்றால் அதுவும் உள்ளே போகும். மிதப்பதற்கு அதுவும் காரணமாகலாம், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். வயிறு பலூன் மாதிரி உப்பினாலோ, வயிற்றிலும் காலிலும் சிவப்புத் திட்டு வந்தாலோ, நிமிர முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தாலோ உப்பு, டப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீர்நில வாழ்விகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு.

தானே சரியாகாதா என்று கேட்டீர்கள். ஆகும், மெலிந்த செவுள் இறகும் திரும்ப வளரும், ஆனால் விஷத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு வளராது. ஃபில்டரில் அந்தப் பாக்டீரியாக்கள் திரும்பக் குடியேறித் தொட்டி தயாராவதற்கு நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கலாம், ஆரோக்கியமான வேறொரு தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் சீக்கிரம் முடியும். தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டும் வரை அது டப்பாவிலேயே இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் தண்ணீர் எப்படித் தெரிகிறது என்று எழுத வேண்டாம், டெஸ்ட் கிட் காட்டிய எண்களை எழுதுங்கள்.

கேள்வி: என்னுடைய ஆக்சலாட்டலுக்குப் பன்னிரண்டு வயது. தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே வருகிறது. மருத்துவர் வயதாகிவிட்டது என்கிறார். கஷ்டப்படாமல் போக ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். உறைவது வலியில்லாத சாவு இல்லை. அளவு கூட்டிய மயக்க மருந்தில் அமைதியாகத் தூங்கவைக்கிற முறை இருக்கிறது, அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், நேரம் வந்துவிட்டதா என்று அவரிடமே கேளுங்கள். பத்திலிருந்து பதினைந்து வருடம்தான் இதன் ஆயுள், நீங்கள் குறை ஒன்றும் வைக்கவில்லை. அதுவரை வாரம் ஒரு முறை எடை பாருங்கள்: தண்ணீர் டப்பாவைத் தராசில் வைத்து எண்ணை 0 ஆக்கிவிட்டுப் பிராணியை மெதுவாக உள்ளே இறக்கினால் போதும். புழுவைச் சிறிதாக நறுக்கி வாயருகே கொண்டுபோங்கள், இவற்றுக்குப் பார்வை மங்கல், மணத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும், கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.